விருந்தாளி என்று பதிந்து வெளியே அழைத்து வந்த பெண்

போன வருடம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டு விடாமல் பெய்த ஒரு வாரம். அண்ணனூரில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டில், மத்தியானத் தூக்கம் கலைந்து பால் வாங்கக் கிளம்பிய நேரத்தில் ஆரம்பித்தது இது.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. ஆவடியில் ஒரு பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையின் நிர்வாகப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். லீவு விதி, பயணப்படி விதி, குவார்ட்டர்ஸ் ஒதுக்கும் விதி, துறை விசாரணை நடத்தும் விதி எல்லாவற்றையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பத்தி எண்ணோடு சொல்லுவேன். யாரும் எழுப்பிக் கேட்பதில்லை என்பது வேறு விஷயம். "இவர்கிட்ட ஒரு டம்ளர் தண்ணி கேக்கிறதா இருந்தாலும் உரிய வழியில விண்ணப்பிக்கணும்" என்று என் மனைவி உறவினர்களிடம் சொல்லுவாள். அதில் பெரிய மிகை இல்லை.

அந்த நாட்களில் சாயங்காலம் அவள் பார்க்கும் தொடரில் கதாநாயகியைக் கடத்தி வைத்திருந்தார்கள். பாழடைந்த கிடங்கு, தொங்கும் மஞ்சள் பல்பு, மர நாற்காலி, அதில் கயிற்றால் கட்டிய பெண், வாயில் துணி. வாரக்கணக்கில் கட்டிக் கிடந்தும் தலையில் வைத்த பூ வாடவில்லை. பக்கத்தில், சிரிப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிற நான்கு தடியர்கள். நானும் கூடவே உட்கார்ந்து ஆட்சேபணை எழுப்புவேன். அந்த இடம் இந்த ஸ்டேஷன் எல்லைக்குள் வராதே, பெண் போலீஸ் இல்லாமல் எப்படி மீட்கப் போனார்கள், இத்தியாதி. "பேசாம பாருங்க, இல்லன்னா எழுந்து போங்க" என்பாள் மனைவி. அந்தக் கதையைக் கிண்டல் செய்துகொண்டிருப்பதாகத்தான் நான் நினைத்திருந்தேன். அது எனக்குள்ளே போய் உட்கார்ந்து, ஒருத்தியை அடைத்து வைப்பது என்றால் இன்னின்ன இருக்க வேண்டும் என்று இலக்கணம் எழுதி வைத்திருந்தது எனக்குத் தெரியாது.

எங்களுக்கு மேல் வீட்டில் இருப்பவர்கள் இளம் தம்பதி. இருவருக்கும் கணினிக் கம்பெனியில் வேலை. பண்பானவர்கள், பார்த்தால் 'அங்கிள்' என்று நின்று நலம் விசாரிப்பார்கள். ஒரு கைக்குழந்தை, கணவனின் அம்மா. குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டோடு ஒரு பெண். ஜவ்வாது மலைப் பக்கம், பத்தொன்பது வயது இருக்கும். நல்ல சுடிதார், எண்ணெய் வைத்துப் பின்னிய தலை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கீழே பூங்காவில் சுற்றும்போது சிரித்த முகமாகத்தான் இருப்பாள். என்னைத் 'தாத்தா' என்பாள். ஒருமுறை லிஃப்டில், அண்ணனூர் ஸ்டேஷன் எந்தப் பக்கம் என்று கேட்டாள். ரயில் ஷெட்டைச் சுற்றிக்கொண்டு போவதற்கும் சந்து வழியாகப் போவதற்கும் உள்ள வித்தியாசத்தையும் சேர்த்து விளக்கினேன். இன்னொரு நாள், திருவண்ணாமலை பஸ் எங்கே ஏற வேண்டும் என்றாள். அதையும் சொன்னேன். இத்தனை வழி கேட்கிறவள் ஒரு நாளும் எங்கேயும் போனதில்லையே என்று எனக்குத் தோன்றவில்லை. கேள்விக்குச் சரியான பதில் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்பது என் உத்தியோகம் கொடுத்த பழக்கம்.

எங்கள் குடியிருப்பில் ஒரு விதி உண்டு. வீட்டோடு தங்கி வேலை செய்கிறவர்கள் வெளியே போக வேண்டுமானால், கேட்டில் இருக்கும் காவலாளி தன் போனில் உள்ள ஆப்பில் அந்த வீட்டு எண்ணை அழுத்துவார். வீட்டுக்காரர் எங்கே இருந்தாலும் தன் போனில் 'சரி' என்று அழுத்த வேண்டும். அப்புறம்தான் கேட் திறக்கும். ஒரு வீட்டில் வளையல் காணாமல் போன சூட்டில் பொதுக்குழுவில் கொண்டுவந்த விதி இது. வளையல் பிற்பாடு அந்த வீட்டுக் கட்டிலுக்கு அடியிலேயே கிடைத்தது. விதி மட்டும் நிலைத்துவிட்டது. அதன் வாசகத்தை ஓட்டை இல்லாமல் திருத்திக் கொடுத்தவன் நான்.

அன்று கேட்டுக்குள்ளே அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு துணிப்பை. காலில் குளியலறை ரப்பர் செருப்பு, இடது ஒரு அளவு, வலது ஒரு அளவு. காவலாளி முத்தாபுதுப்பேட்டைக்காரர், நல்ல மனுஷன். என்னைப் பார்த்ததும் முறையிட்டார்.

"நீங்களே சொல்லுங்க சார். இந்தப் பொண்ணு வெளிய போவணும்னு நின்னுகினு கீது. நானும் அமுக்கி அமுக்கிப் பாத்துட்டேன், அந்த மேடம் ஓகே குடுக்கல. நான் பாட்டுக்கு உட்டுட்டா என் வேலை பூடும்."

நான் அவளிடம் கேட்டேன். தங்கச்சி ஊரிலிருந்து வருகிறாள், பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறாள், உடனே போக வேண்டும் என்றாள். குரல் மெதுவாகத்தான் இருந்தது. துணிப்பையைப் பிடித்திருந்த விரல்கள்தான் வெளுத்திருந்தன.

"குழந்தை?"

"பாட்டிகிட்ட குடுத்துட்டேன் தாத்தா. பால் கலக்கி வச்சிட்டுதான் வந்தேன்."

எனக்கு விஷயம் மிக எளிமையாகத் தெரிந்தது. ஒப்புதல் வரவில்லை, ஆகவே ஒப்புதல் தருகிறவரை நேரில் கேட்க வேண்டும். போனை எடுத்தேன். "வேணாம் தாத்தா" என்றாள். நான் கையை உயர்த்தி அவளை அமைதிப்படுத்தினேன். ஆபீசில் குமாஸ்தாக்களை அடக்குகிற அதே கை. மேல் வீட்டுப் பெண்மணியைக் கூப்பிட்டு, உங்கள் வீட்டுப் பெண்ணின் தங்கை இன்னும் சற்று நேரத்தில் பூந்தமல்லிக்கு வருகிறாளாம், பார்க்கப் போக வேண்டுமாம், ஒப்புதல் கொடுத்துவிடுங்கள் என்று இடம் பொருள் பிசகாமல் எடுத்துச் சொன்னேன்.

மறுமுனையில் எப்போதும் போல இனிமையான குரல் வந்தது.

"அங்கிள், ப்ளீஸ், அவளை அங்கேயே நிக்க வைங்க. நாங்க ஆபீஸ்லேருந்து கிளம்பிட்டோம். அவளுக்குக் கொஞ்ச நாளா மனசு சரியில்ல. எங்க பொண்ணு மாதிரிதான் வச்சிருக்கோம் அங்கிள். போன், ஆதார் எல்லாம்கூட நாங்கதான் பத்திரமா வச்சிருக்கோம். அது இல்லாம எங்க போயிடப் போறா?"

போனை வைத்த பிறகுதான் அந்தக் கடைசி வார்த்தை எனக்குள் இறங்கியது. ஒரு ஊழியரின் அசல் சான்றிதழை நிர்வாகம் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று நானே எத்தனை குறிப்பு எழுதியிருப்பேன். திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைத் திட்டவில்லை, அழவும் இல்லை.

"பூந்தமல்லின்னு சொல்லிட்டீங்களா? இப்ப என்னை இங்க கொண்டாந்து விட்ட அந்தக்காவுக்குப் போன் போட்டுருவாங்க தாத்தா. தங்கச்சிய வேற எங்கயாச்சும் கொண்டு போயிருவாங்க."

நான் விசாரணையை ஆரம்பித்தேன். வேறென்ன தெரியும் எனக்கு? உன்னைப் பூட்டி வைத்தார்களா? இல்லை. அடித்தார்களா? இல்லை. சாப்பாடு போடாமல் இருந்தார்களா? இல்லை, நல்லாப் போடுவாங்க. ஒவ்வொரு 'இல்லை'க்கும் எனக்கு உள்ளே ஒரு நிம்மதி வந்தது. கொஞ்சம்கூட வெட்கமில்லாத நிம்மதி. நாற்காலி இல்லை, கயிறு இல்லை, ஆகவே இது அது இல்லை.

"அப்புறம் ஏம்மா நீ இத்தனை நாளாப் போகல?"

"நான் போயிட்டா தங்கச்சியக் கூட்டிட்டு வந்து வேற ஊட்ல விட்டுருவேன்னு அந்தக்கா சொல்லிச்சு. அதான் போகல. இப்ப நான் இங்க இருக்கும்போதே கூட்டிட்டு வருது."

கயிறு எங்கே என்று தேடிக்கொண்டிருந்தேன். அது பூந்தமல்லி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தது.

மீதியை அங்கேயே துண்டு துண்டாகச் சொன்னாள். 'அந்தக்கா' என்பது மலையடிவாரத்து ஊரில் இருக்கும் ஒரு பெண். நர்ஸ் பயிற்சி, ஹாஸ்டல் என்று அம்மாவிடம் சொல்லி இவளை அழைத்து வந்து இந்த வீட்டில் விட்டவள். வந்த அன்றே போனையும் ஆதாரையும் வீட்டுக்காரர்களிடம் கொடுக்கச் சொன்னவளும் அவள்தான். மாதத்துக்கு ஒரு தடவை, மேடம் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, ஸ்பீக்கரில் அம்மாவிடம் பேசலாம். நன்றாகப் படிக்கிறேன் என்று சொல்ல வேண்டும். அன்று காலை மேடம் போனில் பேசியது அடுக்களை வரை கேட்டிருக்கிறது. எட்டாவது முடித்த தங்கையைப் போரூர் பக்கம் ஒரு வீட்டில் குழந்தை பார்க்க விடப்போகிறார்கள்.

மேல் வீட்டுக்காரர்கள் எந்த நிமிடமும் வந்துவிடலாம். கேட் மூடியிருந்தது. காவலாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் விதியின் அடுத்த பத்தி ஞாபகம் வந்தது. விருந்தாளிகள் வெளியே போக, அவர்கள் வந்த வீட்டுக்காரர் சரி சொன்னால் போதும்.

"இந்தப் பொண்ணு என் வீட்டு விருந்தாளி. என் வீட்டு நம்பரை அழுத்துங்க" என்றேன்.

"சார், இது மேல் ஊட்டுப் பொண்ணு."

"மேல் வீட்ல வேலை பார்க்குது. என் வீட்டுக்கு விருந்தாளியா வரக் கூடாதுன்னு விதியில இருக்கா?"

"விதியெல்லாம் எனக்கு இன்னா சார் தெரியும், நீங்க எழுதுனது" என்று சொல்லிவிட்டு அழுத்தினார்.

என் போன் ஒலித்தது. படிக்கிற கண்ணாடி வீட்டில். போட்டிருந்தது, கண் ஆபரேஷனுக்குப் பிறகு டாக்டர் கொடுத்த கறுப்புக் கண்ணாடி. குத்துமதிப்பாக ஒன்றை அழுத்தினேன்.

"சார், சேப்ப அமுக்கிட்டீங்க. வேணாம்னு வந்துகீது. பச்சைய அமுக்குங்க, பச்சைய."

மறுபடி ஒலித்தது. இந்தத் தடவை அந்தப் பெண்ணே என் விரலைப் பிடித்து வைத்தாள். கேட் திறந்தது. காவலாளி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, மழையிடம் சொல்வது மாதிரி சொன்னார்: "மெயின் ரோட்டுக்குப் போவாதீங்க. அந்த மேடம் வண்டி அப்படித்தான் வரும். பின்னாடி சந்துல ஆட்டோ கெடைக்கும்."

கிடைத்தது. பருத்திப்பட்டு தாண்டும்வரை திரும்பித் திரும்பிப் பின்னால் பார்த்துக்கொண்டே இருந்தேன். குழந்தைகள் உதவி எண்ணைக் கூப்பிட்டு, சிறுமியின் வயது, அழைத்து வருகிறவளின் அடையாளம், இறங்கும் இடம், எங்கே கொண்டுபோக உத்தேசம் என்று அறிக்கை வாசிப்பது போலச் சொன்னேன். எதிர்முனையில் பேசிய பெண் ஒரு வார்த்தை வீணாக்கவில்லை. போலீசோடு ஆள் அனுப்புகிறோம், போய் நில்லுங்கள், கண்ணில் பட்டால் தொடர்ந்து பாருங்கள், நீங்களாகக் கையைப் பிடித்து இழுக்காதீர்கள் என்றாள். காடுவெட்டிப் பக்கம் தண்ணீர் தேங்கி வண்டிகள் ஊர்ந்தன. என் கையிலிருந்த போனில் மேல் வீட்டு எண் ஒளிர்ந்து ஒளிர்ந்து அணைந்துகொண்டிருந்தது.

"இன்னா பெர்சு, பஸ்ஸ உட்டுட்டீங்களா?" என்றார் ஆட்டோக்காரர்.

"வர்ற பஸ்ஸைப் பிடிக்கணும்பா."

கண்ணாடியில் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தவர், அப்புறம் எதுவும் கேட்கவில்லை. யாரோ ஒருவர் வீட்டு வாசல் வழியாகவெல்லாம் வண்டியைத் திருப்பி மறுபடி ரோட்டைப் பிடித்தார்.

பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் என் கண்கள் என்ன தேடின தெரியுமா? கறுப்புக் கண்ணாடி ஏற்றிய வேனை. தடியர்களை. அழுதுகொண்டிருக்கும் ஒரு சிறுமியை. அப்படி ஒன்றும் இல்லை. அதுதான் அந்தக்கா என்று என் கையை அழுத்தி அவள்தான் காட்டினாள். டீக்கடை ஓரம், காட்டன் புடவை கட்டி, தோளில் கைப்பை மாட்டி, பள்ளிக்கூட டீச்சர் மாதிரி ஒரு அம்மாள் நின்றிருந்தாள். பக்கத்தில் பன் தின்றுகொண்டிருந்த ஒரு சிறுமியின் ஈரத் தலையைத் தன் முந்தானையால் துவட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். சிறுமி ஏதோ சொல்லிச் சிரித்தாள். பெற்ற தாய்கூட அவ்வளவு பொறுமையாகத் துவட்ட மாட்டாள்.

அந்த அம்மாளின் போன் ஒலித்தது. எடுத்துக் கேட்டாள். தலையை நிமிர்த்திச் சுற்றிப் பார்த்தாள். சட்டென்று சிறுமியின் கையைப் பிடித்துக்கொண்டு ஆட்டோ நிற்கும் பக்கம் நடந்தாள்.

செய்யாதே என்று சொன்னதையே செய்தேன். குறுக்கே ஓடிப் போய் சிறுமியின் இன்னொரு கையைப் பிடித்தேன். சிறுமி பயந்து அலறினாள். அந்த அம்மாள் அலறவில்லை. நான்கு பேருக்குக் கேட்கிற அளவு குரலில், "யாருங்க நீங்க? எதுக்குப் பொம்பளப் புள்ள கையைப் பிடிக்கிறீங்க?" என்றாள்.

அடுத்த நிமிடம் என் சட்டைக் காலர் ஒருவன் கையில் இருந்தது.

"இன்னா பெர்சு, மழையில கூலிங் கிளாசு? புள்ள புடிக்கிற ஆளா நீ?"

"மீசையைப் பாருடா. ஆளப் பாத்தாலே தெரில?"

பெரிய மீசை, கறுப்புக் கண்ணாடி, அறிமுகமில்லாத சிறுமியின் கை. ஊர் முழுக்கத் திரையில் பார்த்த கடத்தல்காரனின் அங்க அடையாளங்கள் அத்தனையும் என்னிடம் இருந்தன. ஒருவன் படம் எடுக்க ஆரம்பித்தான். இன்னொருவன் கை ஓங்கினான், கண்ணாடி பறந்து சேற்றில் விழுந்தது. அந்த அம்மாள் "பாவம், விடுங்க, எங்களுக்கு நேரமாவுது" என்று கருணையோடு நகர்ந்துகொண்டிருந்தாள்.

காலரைப் பிடித்தவனிடமே சொன்னேன். "நான் ஓடல. என்னைப் பிடிச்சே வச்சிருங்க. போலீஸ் வந்துகிட்டு இருக்கு, அவங்க வர்ற வரைக்கும் அந்த அம்மாவையும் போகவிடாதீங்க. அவ்வளவுதான் கேக்கிறேன்."

பிடி தளரவில்லை. ஆனால் இரண்டு பேர் அந்த அம்மாளைத் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குள் அக்காக்காரி போய்த் தங்கையின் முன்னால் குந்தி உட்கார்ந்துவிட்டாள். சிறுமி அவளை அப்போதுதான் பார்த்தாள். "அக்கா" என்று கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"பாருங்க, இவ அக்காகிட்டதான் கூட்டிட்டுப் போறேன். இவளும் எங்க ஹாஸ்டல் பொண்ணுதான்" என்றாள் அந்த அம்மாள், கொஞ்சமும் அசராமல். கூட்டம் தலையாட்டியது.

அந்தப் பெண் கூட்டத்தைப் பார்த்துப் பேசவில்லை. தங்கையிடம்தான் சொன்னாள். "அந்தக்கா போன்ல அம்மாவுக்குப் போட்டுக் குடுக்கச் சொல்லு."

சிறுமி நிமிர்ந்து, "போட்டுக் குடுங்கக்கா" என்றாள்.

"சார்ஜ் இல்லம்மா."

"இப்பத்தான பேசிகினு இருந்தீங்க?" என்றார் டீக்கடைக்காரர். தன் போனை நீட்டினார். "இந்தா பாப்பா, இதுல போடு."

அக்காவுக்கு அம்மாவின் எண் நினைவில்லை. அது அவளிடமிருந்து வாங்கி வைக்கப்பட்ட போனில் இருந்தது. தங்கை மனப்பாடமாகச் சொன்னாள். டீக்கடைக்காரர் ஸ்பீக்கரில் போட்டார். மழைச் சத்தத்துக்கு நடுவே மலையிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

"யாரு? சின்னவளா? எறங்கிட்டியா? அக்காவப் பாத்தியா? ரெண்டு பேருக்கும் ஒரே ஹாஸ்டல்தானா?"

பெரியவள் போன் பக்கம் குனிந்து சொன்னாள். "ஹாஸ்டல் இல்லம்மா. நான் ஒரு ஊட்ல புள்ள பாத்துக்கிறேன். படிக்கல. போன் அவங்க வச்சிருக்காங்க."

என் காலரைப் பிடித்திருந்த கை எப்போது விலகியது என்று எனக்குத் தெரியாது. படம் எடுத்துக்கொண்டிருந்தவன் போனைத் தாழ்த்தினான். அந்த அம்மாள் பின்வாங்கி நடந்தாள். எங்களைக் கொண்டு வந்து விட்ட ஆட்டோக்காரர் வண்டியை அவளுக்குக் குறுக்கே கொண்டு வந்து நிறுத்தினார். "எங்க போற, பேசி முடிக்கல?" என்றார். உதவி மையத்துப் பெண்களும் பெண் போலீசும் வந்து சேர்ந்தபோது அவள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். அப்போதும் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

சிறுமி குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்தப்பட்டு, சில நாட்கள் காப்பகத்தில் இருந்து, அம்மாவோடு ஊர் போய்ச் சேர்ந்தாள். இப்போது ஒன்பதாவது படிக்கிறாள். பெரியவளும் ஊருக்கே போய்விட்டாள். போன் திரும்பக் கிடைத்துவிட்டது. எப்போதாவது கூப்பிட்டு, என் மனைவியிடம்தான் அதிகம் பேசுவாள். அந்த அம்மாள் மேல் வழக்கு நடக்கிறது. நடக்கிற வேகம் எனக்குத் தெரிந்த வேகம்தான். விதியை மீறியதற்கு விளக்கம் கேட்டு குடியிருப்போர் சங்கம் எனக்குக் கடிதம் அனுப்பியது. மீறவில்லை என்று பத்தி எண்ணோடு பதில் எழுதினேன். அந்த விதியையே எடுத்துவிட வேண்டும் என்று பொதுக்குழுவில் பேசினேன். பலரும் பாராட்டினார்கள். பரிசீலிக்கிறார்கள்.

மேல் வீட்டுக்காரர்களைப் போலீஸ் விசாரித்தது, அவர்கள் மேலும் வழக்கு உண்டு. அந்தப் பெண்ணின் பிறந்த நாளுக்குக் கேக் வெட்டிய போட்டோவை அவர்கள் ஸ்டேஷனில் காட்டினார்களாம். உண்மையான போட்டோதான். அவர்கள் எந்த நாடகமும் ஆடவில்லை. ஒரு பெண்ணை நன்றாக வைத்திருந்ததாகத்தான் இன்றைக்கும் மனதார நம்புகிறார்கள். லிஃப்டில் பார்த்தால் அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள், அந்த நேரத்தில் எனக்குக் கோபம் வர வேண்டும். வருவது பயம்தான். இனிமையாகப் பேசுகிறவர்கள் சொன்னதை நான் எவ்வளவு சுலபமாக நம்பி, அந்தப் பெண் வேண்டாம் என்று சொல்லியும் அவளை அவர்களிடமே ஒப்படைக்க இருந்தேன் என்பது தெரிந்துவிட்ட பிறகு, முன்பு போல நிம்மதியாக இருக்க முடியவில்லை, அந்த நிம்மதி திரும்பி வர வேண்டும் என்று நான் ஆசைப்படவும் இல்லை.